ஒட்டகமும் கோரைப்பாயும்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு பள்ளியில் நான் அரபியும் தமிழும் கற்பித்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், அறிவியல் ஆசிரியர் விடுப்பில் சென்ற ஒரு நாள், ஏழாம் வகுப்பை நான் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. பெற்றோரிடமிருந்து பிறப்பிலேயே வந்து சேர்வன யாவை, பிறந்தபின் கற்றுக்கொள்வன யாவை என்பது அன்றைய பாடம். கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து, ஒருபுறம் 'பிறப்பு' என்றும் மறுபுறம் 'பழக்கம்' என்றும் எழுதினேன். அவ்வாறே தாளில் கோடிட்டுத் தத்தம்மைப் பற்றி எழுதுமாறு பிள்ளைகளிடம் சொன்னேன்.

சுருள்முடியும் கண்ணின் நிறமும் முதற்பத்தியில் வந்தன. மிதிவண்டி ஓட்டுவதும், ஆற்றில் நீந்துவதும், பெரியவர்களைக் கண்டால் ஸலாம் சொல்வதும் இரண்டாவதில் வந்தன. கடைசி வரிசையில் இருந்த ஒரு பையனின் தாளை வாங்கிப் பார்த்தேன். பிறப்பு என்ற தலைப்பின்கீழ் ஒரே ஒரு சொல் இருந்தது: கோபம்.

"ஏன் தம்பி, இதை இங்கே எழுதினாய்?" என்று கேட்டேன்.

"நீங்கதான சொன்னீங்க, ஹஜ்ரத்" என்றான், தலை நிமிராமல்.

எனக்கு நினைவு வந்தது. இரண்டு மாதங்களுக்குமுன் அவன் உடன்படிக்கும் பையனை அடித்துவிட்டான். அவனுடைய வாப்பாவை இளமையிலிருந்தே அறிந்தவன் நான். வகுப்பார் அனைவரும் கேட்க, "வித்து அப்படி, பிள்ளை வேறெப்படி இருப்பான்!" என்று சொல்லிவிட்டேன். சொன்னவன் மறந்துவிட்டேன். கேட்டவன் மறக்கவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மத்ரஸாவில் ஓதிய ஹதீது ஒன்று நெஞ்சில் வந்து நின்றது. நாட்டுப்புற அரபி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கறுப்பு நிறத்தில் ஆண்மகவு ஒன்றை ஈன்றிருப்பதாக முறையிட்டார். பிள்ளை தம்முடையதன்று என்பது அவர் பேச்சின் உட்பொருள். பெருமானார் அவரிடம் ஒட்டகங்களைப் பற்றிக் கேட்டார்கள். அவை சிவப்பு நிறத்தவை என்றார் அவர். அவற்றுள் சாம்பல் நிறத்தது ஏதும் உண்டா என்று கேட்க, உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று வினவ, ஏதேனுமொரு நரம்பு இழுத்திருக்கும் என்றார். இந்தப் பிள்ளையையும் ஒரு நரம்பு இழுத்திருக்கலாமே என்று சொல்லி, அவர் அப்பிள்ளையை மறுப்பதற்கு இடங்கொடாமல் அனுப்பினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற ஹதீது இது. 'இர்க்' என்னும் அரபுச் சொல்லுக்கு வேர் என்றும் நரம்பு என்றும் பொருள் உண்டு.

ஒரு தலைமுறையில் மறைந்த பண்பு அடுத்ததில் தலைகாட்டும் முறையைப் பட்டாணிச் செடிகளில் கணக்கிட்டு, மெண்டல் என்ற துறவி 1866-இல் வெளியிட்டார். அவருடைய கண்டுபிடிப்பை இந்த ஹதீதில் தேடுவது என் நோக்கமன்று. என்னை வருத்தியது வேறொன்று. பெருமானார் பிறவி வழியைப் பற்றிப் பேசியது ஒரு பிள்ளையைக் காப்பதற்காக. நான் அதையே பேசியது ஒரு பிள்ளையைத் தள்ளுவதற்காக.

பிறகு என் உம்மாவின் கைகளை நினைத்துக்கொண்டேன். உம்மாவின் பிறந்த ஊர் பத்தமடை. சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள அவ்வூரில் நம்மவர் வீட்டுப் பெண்கள் கோரைப்பாய் நெய்வதை உலகறியும். பச்சைக் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றிப் பருத்திப் பாவில் கோத்து நெய்வார்கள். பட்டுத்துணிபோல் மடிக்கத்தக்க பாய்களும் அங்கு உண்டு. 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போயிற்று என்று ஊரார் பெருமையுடன் சொல்வார்கள். குலத்தொழில் கல்லாமலே பாதி வரும் என்பார்கள். ஆனால் உம்மாவின் விரலிலிருந்த தழும்புகள் எனக்கு வேறு கதை சொல்லும். எட்டு வயதில் கோரை கிழிக்க உட்கார்ந்து, இழை அறுந்து, விரல் அறுபட்டு, பாட்டியிடம் வசை வாங்கி, மறுநாளும் உட்கார்ந்து வந்த வித்தை அது. அந்த விரல்களுக்குப் பிறந்த நான் ஒரு சாண் பாய் நெய்தறியேன்.

மீண்டும் மீண்டும் செய்வதால் உள்ளத்தில் வேர்கொள்ளும் திறனை 'மலகா' என்று அழைத்த இப்னு கல்தூன் (1332–1406), தொழில்கள் அனைத்தும் அவ்வாறு கற்றே வருவன என்றும், மனிதன் தன் பிறவி இயல்புக்குப் பிள்ளையல்லன், தன் பழக்கங்களுக்கே பிள்ளை என்றும் கருதினார். இதை மறந்தால் என்னாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பத்தமடைப் பாயை ஊரார் கொண்டாடும் அதே 1953-இல்தான், சென்னை மாநிலத்தில் பிள்ளைகள் ஒருவேளை பள்ளியிலும் மறுவேளை பெற்றோர் தொழிலிலும் இருக்கவேண்டும் என்ற திட்டம் வந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால் பாய் நெய்வோர் பிள்ளைக்கு ஏடு எட்டியிருப்பது அரிதே.

மறுநாள் அதே வகுப்புக்குச் சென்றேன். முதலில் நாக்கைச் சுருட்டிக் காட்டச் சொன்னேன். பலர் சுருட்டினர். சிலரால் இயலவில்லை. இது பிறவியிலேயே வருவது என்று 1940-இல் ஸ்டர்டிவன்ட் எழுதினார். பாடநூல்களிலும் அது இடம்பெற்றது. ஆனால் 1952-இல் மாட்லாக் என்பவர் ஒரே கருவிலிருந்து பிறந்த 33 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, 7 இணைகளில் ஒருவர் சுருட்டினார், மற்றவரால் இயலவில்லை. கற்றவர்களே பிறப்பின் கணக்கில் ஏமாந்திருக்கிறார்கள் என்றேன். என் வீட்டில் எவருக்கும் 'ழ' வராது. 'பளம்' என்றுதான் சொல்வோம். அந்த 'ழ'வை என் தமிழாசிரியரும் 'ளாத்' எழுத்தை என் உஸ்தாதும் இந்த நாவில் ஏற்றினார்கள் என்பதையும் சொன்னேன்.

பின்பு அந்தப் பையனை எழுப்பி, வகுப்பார் அனைவரும் கேட்க, நான் சொன்னது தவறு என்றேன். எளிதில் சினக்கும் இயல்பில் பிறப்புக்கும் ஒரு பங்குண்டு. இரட்டையர் ஆய்வுகள் அதைக் காட்டுகின்றன. ஆனால் கையை ஓங்குவது கண்டு பழகுவது. பழகியதை விடவும் பழகலாம் என்றேன்.

அவன் சற்று நேரம் நின்றான். "அப்ப எங்க வாப்பாவும் பழகினதுதானா, ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அவனுடைய வாப்பாவும் நானும் ஒரே திண்ணையில் அமர்ந்து ஓதியவர்கள். வீட்டில் அடிவாங்கி, முதுகில் வரிகளோடு அவர் ஓதவந்த காலைகள் என் கண்முன் நின்றன. 'வித்து' என்று சொன்னபோது அந்த வரிகளை நான் எப்படி மறந்தேன்?

"ஆமாம் தம்பி" என்றேன். "அவரும் பழகினதுதான். நான் பார்த்திருக்கிறேன்."

அவன் உட்கார்ந்து, தன் தாளை எடுத்தான். 'கோபம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, இரண்டு பத்திகளுக்கும் நடுவே கிழித்திருந்த கோட்டின்மேல் அதைத் திரும்ப எழுதினான். நான் அதைத் திருத்தவில்லை.