மேலப்புலிவார்டு

புதூர் நாட்கள் – 4

சின்னம்மாவின் கண்ணுக்காகத்தான் வந்தேன். விசாவில் இருப்பது என்னவோ ‘சுற்றுலா’. என்னைப்போலக் கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஒருத்தி வந்து தங்கினால், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ‘சி ஃபார்ம்’ பதிந்துவிட வேண்டும். கீழ்வீட்டு ஐயா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு போனில் அதை நிரப்பினார். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் விரல் நின்றது. “சுற்றுலா” என்றேன். “எடமலைப்பட்டி புதூருக்கா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு அதையே போட்டார். அன்றிலிருந்து எனக்குள் ஒரு உறுத்தல். அரசாங்கத்துக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவோம் என்று, சின்னம்மா மத்தியானம் நித்திரை கொள்ளும் நேரங்களில் ஊர் பார்க்கக் கிளம்பிவிடுகிறேன்.

திருச்சியில் இந்தப் புதூர் யாரும் பார்க்க வருகிற இடமில்லை. மாவு மில், தையல்காரர், தண்ணி கேன் வண்டி, ரயில் சத்தம். 2025 மே மாதம் பஞ்சப்பூரில் புது பஸ் நிலையம் திறந்ததிலிருந்து வாடகை ஏறிவிட்டது என்பதுதான் இங்கே காலைச் செய்தியும் மாலைச் செய்தியும். சின்னம்மாவுக்கு அந்தக் கவலை கொஞ்சம் அதிகம். 1990 ஜூனில் பலாலிப் பக்கம் ஊரே எழும்பியபோது அவவும் எழும்பியவ. கடலால் மண்டபம், அங்கே சில மாதம், பிறகு முகாமுக்கு வெளியே தங்குகிறவர்களுக்கான ‘வெளிப்பதிவு’. போலீஸ் ஸ்டேஷனில் பெயரைப் பதிந்துவிட்டு இந்தத் தெருவுக்கு வந்தவ, முப்பத்தைந்து வருஷமாக இங்கேதான். தெருவுக்கு அவ ‘சிலோன் அம்மா’. விமான நிலையப் பக்கம் கொட்டப்பட்டில் இருக்கிற முகாமுக்கு 2021இல் அரசு பெயர் மாற்றியது. அகதி முகாம் போய் மறுவாழ்வு முகாம் ஆனது. சின்னம்மாவுக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. “வாழ்வு எண்டு ஒண்டு அதுக்குள்ள இருக்குத்தானே” என்கிறா.

யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு 2025 மார்ச்சில் விமானம் விட்டார்கள். பலாலியில் ஏறி ஒரு மணித்தியாலம் போல இருந்தால் இறங்கிவிடலாம். நான் வாசலில் பெட்டியை வைக்க முதலே சின்னம்மா கேட்ட கேள்வி: “ஏறேக்க எங்கட காணி தெரிஞ்சதோ?” பலாலி ஓடுபாதைக்கு அப்பால், கம்பிவேலிக்கு உள்ளே, பற்றைக்காட்டில் எது அவவின் காணி என்று எனக்கு என்ன தெரியும்? “பனை தெரிஞ்சது சின்னம்மா” என்றேன். கொண்டுவந்த பனங்கிழங்குப் புழுக்கொடியல் பொதியையும் கொடுத்தேன். அடுத்த நாளே கண் ஒப்பரேசன். பத்து நாளைக்குக் கடினமானது எதையும் கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பொதி அலுமாரிக்குள் போய்விட்டது.

போன புதன்கிழமை, தெருமுனை ஓட்டோக்காரத் தம்பியோடு மெயின்கார்டு கேட் பார்க்கப் போனேன். சந்து ஒன்றில் நெரிசல். தலையை நீட்டிப் பார்த்தால் கடைப் பெயர்ப்பலகையின் அடியில் முகவரி: மேலப்புலிவார்டு ரோடு.

கனடாவில் எவ்வளவு காலம் இருந்தும், அந்த இரண்டெழுத்தைப் பொது இடத்தில் வாசிக்கும்போது குரல் தானாகத் தாழ்கிற பழக்கம் எனக்குப் போகவில்லை. மெதுவாகக் கேட்டேன், “தம்பி, இது என்ன புலி?” அவன் ஹாரனை விடாமல் சொன்னான், “வார்டுக்கா. நாலாம் வார்டு, அஞ்சாம் வார்டு மாதிரி புலிவார்டு. கீழப்புலிவார்டும் இருக்கு.” எப்போதோ புலி வந்திருக்கும் என்பது அவன் ஊகம்.

புலி வரவில்லை. வந்தது ‘பூலவார்’. திருச்சிக் கோட்டையைச் சுற்றி மதிலும் அகழியும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, அந்தத் தடத்தில் அகன்ற சாலைகள் போட்டார்கள். அப்படிப்பட்ட சாலைக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் பூலவார். ஆங்கிலேயர் அதை வாங்கி புலவார்ட் என்றார்கள், திருச்சி அதைப் புலிவார்டாக்கிவிட்டது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கே ஆதியில் சாலை என்ற பொருள் இல்லை. கோட்டை அரண் என்பதுதான் பொருள். மதில் போன இடத்தில் மதிலின் பெயர் மட்டும் வேஷம் மாறி உட்கார்ந்திருக்கிறது. பாஷையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்த ஒரு பலகைக்காகவே திருச்சி வரலாம் என்பேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரெஞ்சுக்காரரின் சொல் ஏறிவிட்ட அந்த மதிலில் பிரெஞ்சுக்காரரால் ஏற முடியவில்லை. 1753 நவம்பர் கடைசியில் ஓர் இரவு, மேற்குப் பக்கத்தில் ஏணி சாத்தி வெளி மதிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். சத்தமில்லாமல் உள் மதிலுக்குப் போக வேண்டும் என்பதுதான் உத்தரவு. பிடித்த பீரங்கியைப் பார்த்ததும் யாருக்கோ கை அரித்திருக்கிறது. ஊரை நோக்கித் திருப்பிச் சுட்டுவிட்டார்கள். ஊர் விழித்துக்கொண்டது. விடியும்போது நூற்றுக்கணக்கில் கைதி.

மெயின்கார்டு கேட் என்பது அந்த மதிலில் மிஞ்சிய ஒரு வாசல். கதவு கிடையாது. வளைவுக்குள்ளால் மோட்டார்சைக்கிள்கள் போய்வருகின்றன, நிழலில் போன் கவரும் பெல்ட்டும் விற்கிறார்கள். கையை வைத்துப் பார்த்தேன், கல் வெயிலில் கொதித்தது. பக்கத்தில் நின்ற பெல்ட்டுக்காரர், “ஏங்க, சாஞ்சு நிக்காதீங்க, சேலை அழுக்காயிரும்” என்றார்.

சண்டைக் கதை நீளமானது, பாதியைத் தள்ளிவிட்டுச் சொல்கிறேன். 1749இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் செத்தார். மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் ஓடிவந்தார். சந்தா சாகிப் பிரெஞ்சுப் படையோடு துரத்தி வந்து 1751இல் வளைத்தார். உள்ளே இங்கிலீஷ்காரர், வெளியே பிரெஞ்சுக்காரர், நடுவில் ஊர்ச்சனம். அந்த முற்றுகையைத் தளர்த்தத்தான் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் போய்ப் பிடித்தது. 1752 ஜூனில் சந்தா சாகிப் தலை போனது. அதோடு முடியவில்லை. உதவிக்கு வந்த மைசூர்க்காரருக்குத் திருச்சியையே தருவதாக வாக்குக் கொடுத்திருந்த முகமது அலி, பிறகு கை விரித்தார். மைசூரின் நஞ்சராஜன் பிரெஞ்சுப் பக்கம் சாய, 1753இல் மறுபடியும் முற்றுகை.

ராபர்ட் ஓர்ம் என்ற இங்கிலீஷ்காரர் இதையெல்லாம் பெரிய புத்தகமாக எழுதிவைத்திருக்கிறார். ஊர்ப்பெயர்களை அவர் படுத்திய பாடு தனிச் சுவை. உறையூர் வாரியோர், உய்யக்கொண்டான் வேகொண்டா, ஜம்புகேஸ்வரம் ஜம்பாகிஸ்ட்னா. புலிவார்டுக்குக் கணக்கு நேராகிவிட்டது.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் என்னை விடவில்லை. இரண்டாம் முற்றுகையின்போது களஞ்சியத்தில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்று கோட்டையிலிருந்த இங்கிலீஷ் தளபதி விசாரித்தால், மூன்று வாரத்துக்குத்தான் இருக்கிறது. பொறுப்பாக இருந்த நவாபின் மைத்துனர் நல்ல விலைக்கு எல்லாவற்றையும் விற்றிருந்தார். பஞ்சம் வந்தது. சனம் ஊரைவிட்டு வெளியேறத் தொடங்கி, ஒரு மாதத்துக்குள் அவ்வளவு பெரிய நகரம் ஏறக்குறைய வெறுமையானது. ஓர்ம் இதற்குச் சில வரிகள்தான் ஒதுக்குகிறார். அடுத்து பீரங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறார்.

எனக்குப் போகத் தெரியவில்லை. 1995 அக்டோபர் 30, எனக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. அப்பா சைக்கிளை உருட்ட, அம்மம்மா அதன் கரியரில். நடந்தது கொஞ்சம், நின்றதுதான் அதிகம். தண்ணி விடாய் தாங்காமல் குடையை மறித்துப் பிடித்து மழைத்தண்ணி குடித்தோம். குடைச்சீலையின் சாயம் கலந்து அது கசந்தது. அதைப்பற்றி எங்கள் ஆட்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். 1753இல் இந்த வாசலால் வெளியேறிய ஒரு பெண் எந்த ஊருக்குப் போனாள், திரும்பி வந்தாளா, வந்தபோது வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை அதே காலத்தில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். இவ்வளவு கூட்டம் வெளியேறிய திருச்சியில் ஒருத்தருக்காவது அப்படி ஒரு பழக்கம் இருந்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை அதே ஓட்டோத் தம்பியோடு பொன்மலை. கோட்டைக்குத் தெற்கே பரந்த வெளியில்தான் 1753இல் பெரிய சண்டைகள். பொன்மலைப் பாறையை இங்கிலீஷ்ப் படையின் மேஜர் லாரன்ஸின் ஆட்கள் ஏறிப் பிடித்தது அதில் பேர்போனது. இப்போது அங்கே ரயில்வே பணிமனையும் குவார்ட்டர்ஸும் வேப்பமரங்களும். “தம்பி, இங்க சண்டை நடந்ததாம், தெரியுமோ?” என்று கேட்டேன்.

“தெரியாமயா? சங்கத் திடல்லதான்” என்றான் உடனே.

ஆச்சரியப்பட்டுப்போய் இறங்கினேன். அவன் சொன்னது வேறு சண்டை. 1946 செப்டம்பர் 5, ரயில்வே தொழிலாளர் கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அவனுடைய தாத்தா அப்போது பணிமனையில் வேலை. சுடத் தொடங்கியதும் ஒரு சாக்கடைக்குள் விழுந்து கிடந்தாராம். எழும்பி வந்தபோது ஒற்றைச் செருப்பு. “அந்த ஒத்தச் செருப்ப ரொம்ப நாள் வெச்சிருந்தாருக்கா. பாட்டிதான் தூக்கிப் போட்டுச்சு.” ஐந்து பேரின் பெயரையும் விரல் மடக்கிச் சொன்னான். 1753 பற்றி நான் சொன்னதை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டான். “அப்ப நம்மாளுங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டான். இரண்டு பக்கமும் என்றேன். சிப்பாய்களில் பெரும்பங்கு இந்த மண்ணின் ஆட்கள்தானே. அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

ஸ்ரீரங்கத்துக்குத் தனியாகப் போனேன், பஸ்ஸில். கோவிலைப்பற்றி எழுத இந்தத் தொடர் போதாது. 236 அடி ராஜகோபுரம் 1987இல் முடிந்தது, அதுவரை அது மொட்டைக் கோபுரம் என்பதோடு விடுகிறேன். 1752இல் சந்தா சாகிப்பின் படை இந்த மதில்களுக்குள்தான் தங்கியிருந்தது. தோற்றபின் எல்லாரும் வெளியே வர, ஆயிரம் ராஜபுத்திரர்கள் மட்டும் அசையவில்லை. மூன்றாம் சுற்றைத் தாண்டி யாராவது உள்ளே கால் வைத்தால் வெட்டுவோம் என்று நின்றார்கள். வென்றவர்கள் அதை மதித்து ஒதுங்கினார்கள் என்கிறார் அதே ஓர்ம். எங்கோ வடக்கிலிருந்து கூலிக்குச் சண்டை பிடிக்க வந்தவர்கள்.

நான் தேடிப்போன கதை இன்னும் பழையது. 1323இல் டில்லிப் படை வந்தபோது உற்சவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெருமாள் பல ஊர் அலைந்து, கடைசியில் 1371இல் செஞ்சியிலிருந்த கோபணாரியர் காலத்தில் திரும்பினார். நாற்பத்தெட்டு வருஷம். வந்து பார்த்தால் அவருடைய இடத்தில் வேறொரு மூர்த்தி. எவர் அசல் என்று சொல்ல ஆளில்லை, பார்த்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். கோவில் வரலாறான கோயிலொழுகு சொல்கிறது: பெருமாளின் துணி வெளுத்த ஒரு கிழவர் மட்டும் மிச்சம், அவருக்கும் கண் தெரியாது. இரண்டு மூர்த்திக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடையைப் பிழிந்த தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி வாயில் விட்டுப் பார்த்தார். பழைய கஸ்தூரி வாசனை நாக்கில் பட்டது. இவரே நம்பெருமாள் என்றார். அந்தப் பெயரே நின்றுவிட்டது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. இடையில் இருந்தவரை வெளியே அனுப்பவில்லை. திருவரங்க மாளிகையார் என்று பெயர் சூட்டி அவரையும் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

வீடு திரும்ப ஏழு மணியாகிவிட்டது. கரண்ட் இல்லை. சின்னம்மா கறுப்புக் கண்ணாடியோடு இருட்டில் உட்கார்ந்திருந்தா. அன்றோடு பத்து நாள் முடிகிறது என்பதை அவதான் எண்ணி வைத்திருந்தா, நான் மறந்துபோனேன். பொதியைப் பிரித்து ஒரு புழுக்கொடியலை முறித்துக் கையில் வைத்தேன்.

“ஆரிட்ட வாங்கின்னீ?”

“பலாலிப் பக்கம்தான் சின்னம்மா. ஏர்ப்போட்டுக்குப் போற வழியில ஒரு மனுசி வித்தா.”

உண்மையில் யாழ்ப்பாணச் சந்தையில் வாங்கியது. கடைவாயில் வைத்து மெதுவாகக் கடித்தா. நெடுநேரம் சப்பினா. தெருவில் தண்ணி கேன் வண்டி போனது.

“பொய் சொல்லாத பிள்ளை. இது வடமராட்சிக் கிழங்கு” என்றா. பிறகு மற்றத் துண்டுக்குக் கையை நீட்டினா.

(தொடரும்)