கேட்டுப் பரிமாறுவோம்

நம் ஆலயங்களில் நிவேதனம் எல்லாச் சந்நிதிகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. காஞ்சி வரதருக்கு மிளகும் சுக்கும் சேர்ந்த இட்லி. அழகர்கோவில் கள்ளழகருக்குத் தோசை. கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தில் உப்பிலியப்பனுக்கு உப்பே சேராத தளிகை. சமைப்பவரின் வசதிக்காக மடைப்பள்ளி இயங்குவதில்லை. அமுது செய்பவருக்கு எது உகந்ததோ அதுவே அங்கு நியதி.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் ஊரிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றின் கணக்குகளை வாரம் ஒருமுறை பார்த்துக் கொடுத்து வருகிறேன். இந்த நியதி முதியோருக்கும் பொருந்தும் என்பதை அங்கேதான் கண்டேன்.

அங்கே எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். இதயம் பலவீனமாகிக் கால்கள் வீங்கியதால், உப்பை வெகுவாகக் குறைக்கும்படி மருத்துவர் கூறிவிட்டார். அன்று முதல் அவருக்குக் குழைந்த சாதமும் உப்பில்லாப் பருப்பும்தான். தட்டில் உணவு மீந்தது, உடல் இளைத்தது. ‘பிடிவாதம்’ என்றனர் சிலர். சமையல் செய்யும் பெண்மணி மட்டும் அருகில் அமர்ந்து, “உங்களுக்கு என்ன பிடிக்கும் பாட்டி?” என்று கேட்டார். “புளிப்பா, காரமா ஒரு வாய் ரசம் இருந்தா போதும்மா” என்றார் அவர். மறுநாள் மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி தூவிய ரசம் வந்தது. உப்பு சேர்க்கவில்லை, ஆயினும் தட்டு காலியாயிற்று. ‘உப்பிலியப்பன் ரசம்’ என்று பாட்டியே அதற்குப் பெயரும் சூட்டிவிட்டார்.

இப்போது அந்தச் சமையலறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: இடப்புறம் மருத்துவர் உத்தரவு, வலப்புறம் அவரது விருப்பமும் விரதமும். வெங்காயம், பூண்டு கூடாது என்பவர், அமாவாசையன்று ஒருபொழுது உண்பவர் என எல்லாம் அதில் உண்டு. இரண்டு பக்கமும் முரண்படும் நாள்களும் வருகின்றன. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஏகாதசியன்று பட்டினி கிடந்தால், இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். ஆகவே முன்னதாகவே மருத்துவரைக் கலந்து, அரிசியை மட்டும் விலக்கிச் சிறு பலகாரம் தருகிறார்கள். மருந்தின் அளவும் அவர் சொற்படியே. உபவாசம் என்பதற்கு இறைவன் அருகில் வசித்தல் என்று பொருள். அதற்கு இதனால் குறைவு வந்துவிடாது.

பிறந்த நாளுக்கும் பெற்றோர் திதிக்கும் இத்தகைய இல்லங்களில் அன்னமிடும் புண்ணியவான்கள் நம்மில் பலர். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வடை, பாயசத்துக்குச் சொல்லும் முன் இல்லத்தாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அன்போடு தரும் இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியத்தைக் கூட்டி, இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யக்கூடும். ‘இந்துப்புதானே’ என்று தாராளமாகப் போடுவதும் தவறு. அதுவும் பெரும்பாலும் சோடியம் உப்பே. விழுங்கச் சிரமப்படுபவருக்கு முறுக்கைவிட மசித்த இட்லியே உயர்ந்த விருந்து.

வயது ஏற ஏற மனிதர் கையைவிட்டுப் போகும் உரிமைகள் பல. வீடு, பணம், நடமாட்டம் எல்லாம் பிறர் கைக்கு மாறிய பிறகும், ‘எனக்கு இது பிடிக்கும்’ என்று சொல்ல ஒரு நா மிஞ்சியிருக்கிறது. அதைக் கேட்டறிந்து, உடலுக்கும் ஊறின்றிப் பரிமாறுவதே நிறைவான அன்னதானம்.