குடத்துக்குள் ஒரு டாக்டர் பட்டம்

மண்டபத்தில் இருக்கும் என் நாத்தனார், கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிப் பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்கிறாள். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. குழந்தைகள் தூங்கின பிறகு செல்போனில் புள்ளியியல் பாடம்! சிரிக்காதீர்கள், சகோதரிகளே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் வருஷத்து விதிப்படி, பாடத் தேர்வில் நூற்றுக்கு 55 வாங்காவிட்டால் ஆராய்ச்சி அதோடு சரி.

"நூறு பேரைக் கேட்டுவிட்டு, ஊரே இப்படித்தான் என்று எப்படி அண்ணி சொல்வது?" என்று போன மாதம் கேட்டாள். நியாயமான கேள்விதானே?

பதில் அவள் ஊரிலேயே இருக்கிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது. கரைக்கு வரும் மீனையெல்லாம் நிறுத்துப் பார்க்க யாரால் ஆகும்? அந்த நிலையத்தார் சில துறைகள், சில நாட்கள், சில படகுகள் என்று குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்துப் பார்த்து, அதிலிருந்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். தெரிந்தவர் படகாகப் பார்த்துப் போனால் கணக்குப் பொய்த்துவிடும்.

அவளை மிரட்டிய 'டி' சோதனைக்கு வழி கண்ட காஸெட் என்பவர் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். 1908-ல் 'மாணவன்' என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். புனைபெயர் நம் கதாசிரியர்களுக்கு மட்டுந்தானா சொந்தம்?

மேற்கோள் பட்டியல் இருக்கிறதே, அது தனிப் பாடு. எங்கே காற்புள்ளி, எங்கே சாய்ந்த எழுத்து! கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரிசை போடுவதே தேவலை. ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருள் அதை அடுக்கிக் கொடுக்கிறது. ஆனால் தமிழர் பெயரில் எது இனிஷியல், எது பெயர் என்று அதற்குத் தெரியாது. கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

இப்போது பாசிப் பெண்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டிருக்கிறாள். பழைய குடவோலையேதான்! சீட்டு எடுக்கும் உத்தியோகம் அவளுடைய கடைக்குட்டிக்கு.