கிளிமூக்குச் சேவலும் தாய்மாமனும்

1/ கிளிமூக்கு விசிறிவால் தெரியும்ல? நம்ம ஊர் அழகுச் சேவல். மூக்கும் வாலும் அமைஞ்சா மட்டும் போதாது, நிறமும் நிக்கணும். மயில், கீரி, நூலான், காகம்னு நிறத்துக்குத் தனித்தனிப் பேரே உண்டு.

2/ என்கிட்ட சுகருக்கு வர்ற டெல்டா விவசாயி ஒருத்தர் இதுல கில்லாடி. "நிறம் நிக்க ஒரே ரத்தத்துல சேர்க்கலாம் டாக்டர். அதையே திருப்பித் திருப்பிச் செஞ்சா கூமுட்டை கூடும், குஞ்சு நோஞ்சானாகும். வெளிச்சேவல் விட்டே ஆகணும்"பார்.

3/ நூத்துக்கு நூறு சரி. கோழிக்கும் மெண்டல் விதி பொருந்தும்னு பேட்சன் 1902லயே காட்டிட்டார். பழுதான மரபணு ஒரு பக்கம் மட்டும் வந்தா பெரும்பாலும் மறைஞ்சே கிடக்கும். அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் அதுவே வந்தா நோயா வெளிய வரும்.

4/ அதே பெரியவர் மகனுக்கு, மகள் வழிப் பேத்தியைப் பேசி முடிச்சிருக்கார். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் மரபணுவில் கால்வாசி பொது. அத்தை மகன், மாமன் மகள்னா எட்டுல ஒண்ணு. எல்லாக் குழந்தைக்கும் கோளாறு வராது. ஆனா வாய்ப்பு கூடும்.

5/ "ஐயா, கோழிக்கு வெளிச்சேவல் தேடுறீங்க, பேத்திக்கு?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர்றேன்"னார்.

6/ சொந்தத்துல சம்பந்தம் பேசுறவங்க, பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி மரபணு ஆலோசனைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.