நுரைக்கூடு

சயாமெனப் பண்டு வழங்கிய தாய்லாந்துப் போர்மீனொன்றை ஊறுகாய்ச் சாடியிலிட்டு, நாடோறும் குழாய்நீரை முற்றும் மாற்றி வந்தேம். எட்டாம் நாள் அஃது இறந்தது. கொன்றது எம் தூய்மையே. குளோரின் மீனுக்கும் நஞ்சு. அதன் கழிவாகிய அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்க்கும் நஞ்சு. அவை வடிகட்டியிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் செல்லும்.

இம்முறை 20 லிட்டர்த் தொட்டியில் குளோரின் நீக்கிய நீரும் வேலம்பாசியுமிட்டு, மீனின்றியே தீனி தூவி ஆறு வாரம் காத்தேம். வெறுந்தண்ணீருக்கு உணவிடுகின்றேமென அன்னையார் நகைத்தார். இம்மீன் மேலெழுந்து காற்றையும் உயிர்ப்பதாதலின் இருவிரல் இடம் விட்டேம், துள்ளுமாதலின் மூடியுமிட்டேம்.

நேற்று வைகறையில் நீர்மேல் நுரைக்கூடு கண்டு அன்னையாரை எழுப்பினேம். பெடையில்லை, எனினும் கட்டியிருந்தது.