ஒத்திகைக்கு ஆள் வேண்டும்

திண்டிவனத்தில் பனி என்றால் மார்கழி மாதத்து அதிகாலையில் வைக்கோற்போரின்மேல் படிந்திருக்குமே, அதுதான். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பாட்டி பயமுறுத்துவாள். துளைபட்ட தரையையோ மச்சையோ நான் இதுவரை பார்த்ததில்லை. ஆகையால் 2022-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பீஜிங் நகரில் பனிக்கால ஒலிம்பிக் நடந்தபோது, அதை ஏதோ வேற்றுக் கிரகத்துத் திருவிழாவைப் போலத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரிப் கான் என்று ஒரு காஷ்மீரத்து இளைஞர். நூற்று நாற்பது கோடி ஜனங்களுக்கும் பிரதிநிதியாக அந்த ஒரே மனிதர்தான் போயிருந்தார். பனிச் சரிவில் வளைந்து வளைந்து சறுக்கி நாற்பத்தைந்தாவது இடத்தில் வந்தார். ஒண்டியாகப் போய் நாற்பத்தைந்தாவதாக வருவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துவிட்டு, தொலைக்காட்சியை நிறுத்தி விட்டுக் காப்பி சாப்பிடப் போய்விட்டேன்.

அந்த ஒலிம்பிக் பிப்ரவரி 20-ஆம் தேதி முடிந்தது. நான்கே நாளில் ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தன. இதற்கும் திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பேன். ஆனால் உண்டு.

சைபீரியாவில் காந்தி-மான்ஸிஸ்க் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் காந்திக்கும் அந்தப் பெயருக்கும் யாதொரு உறவும் கிடையாது. சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு பனியில் ஓடி, மூச்சு வாங்க நின்று துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடும் பந்தயத்துக்குப் பேர்போன ஊர். சதுரங்கத்திலும் அந்த ஊருக்குப் பைத்தியம் உண்டு. 2010-இல் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் அங்கேதான் நடந்தது. நாற்பத்து நான்காவது ஒலிம்பியாடையும் அங்கேயே நடத்துவதாக இருந்து, மாஸ்கோவுக்கு மாறி, கொள்ளை நோயினால் தள்ளிப்போய், 2022-க்கு நாள் குறித்திருந்தார்கள். யுத்தம் வந்ததும் உலகச் சதுரங்க சம்மேளனம் அதை ரஷ்யாவிடமிருந்து பிடுங்கிவிட்டது. மார்ச் 15-ஆம் தேதி, போட்டி சென்னைக்கு என்று அறிவித்தார்கள். நூற்றெண்பதுக்கு மேற்பட்ட தேசங்கள் வருகிற போட்டி. ஜூலை 28-ஆம் தேதி ஆரம்பம். இடையில் இருந்தது நாலரை மாதம்.

எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் என்றால் ஆறு மாதத்துக்கு முன்னால் மண்டபம் பிடிக்க வேண்டும்!

கல்யாணம் என்று சொன்னது பொருத்தம்தான். அகில இந்தியச் சதுரங்க சம்மேளனத்தை மாப்பிள்ளை வீடு என்று வைத்துக்கொண்டால், ராஜ்ய சர்க்கார் பெண் வீடு. செலவு யார் தலையில் விழும் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 92 கோடி ரூபாய்க்கு மேல் தமிழ்நாடு சர்க்கார் ஒதுக்கியது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பெரிய ஹோட்டல். அதிலிருந்த மண்டபம் போதாதென்று, பக்கத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொன்றை எழுப்பினார்கள். சென்னையில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டார்கள். தில்லியிலிருந்து ஒரு ஜோதி புறப்பட்டு எழுபத்தைந்து ஊர்களைச் சுற்றிக்கொண்டு வந்தது. சதுரங்கத்துக்கு ஜோதி என்பது அதுவே முதல் தடவை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேஷ்டி சட்டை அணிந்து கை கூப்பி நிற்கும் ஒரு குதிரையைச் சின்னமாக வைத்து அதற்குத் 'தம்பி' என்று பெயரும் சூட்டினார்கள். பஸ்ஸில் தம்பி, சுவரில் தம்பி, காலையில் வாங்குகிற ஆவின் பால் பாக்கெட்டிலும் தம்பி.

"டேய், ஊரெல்லாம் உன்னைத்தான் ஒட்டி வைத்திருக்கிறார்கள். முகஜாடை சரியாகத்தான் இருக்கிறது" என்றான் அண்ணன்.

சதுரங்கத்தைப் பற்றி அவன் வாய் திறந்து இருபத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அதனால் அந்தக் கேலியை நான் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன்.

விழுப்புரத்தில் நான் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் விட்ட காலம் அது. அண்ணன் அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். இருவரும் தினந்தோறும் பாசஞ்சர் வண்டியில் போய் வருவோம். சீசன் டிக்கெட்காரர்கள் துண்டை விரித்துச் சீட்டு ஆடுவார்கள். நாங்கள் உள்ளங்கை அகலத்தில் ஒரு காந்தப் பலகை வைத்திருந்தோம். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் காய் நகராது. மயிலம் வருவதற்குள் எனக்கு ஒரு குதிரை போயிருக்கும். பேரணியில் யானை. விக்கிரவாண்டியில் ராஜா தனியாக நின்று நான்கு திசையும் பார்ப்பார். முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையின் வாசனை ஜன்னல் வழியே வரும்போது, எனக்குத் தோல்வியின் வாசனையாகவே அது படும். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் அப்படித்தான். அண்ணன் ஜெயித்ததாகக் காட்டிக்கொள்ளவே மாட்டான். "பேரணியில் அந்தச் சிப்பாயைத் தள்ளியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போவான்.

1998-இல் ஜில்லாப் போட்டியில் ஜெயித்தான். சென்னையில் பெரிய போட்டி. அப்பா யாரிடமோ கைமாற்று வாங்கிக் கொடுத்த பணத்தில் நாங்கள் இருவரும் போனோம். அங்கே ஜாபிதாவில் அவன் பெயர் இல்லை. கடிதம் வரவில்லை என்றார்கள். வந்தது, ஆனால் காலம் கடந்து வந்தது என்றார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்தான். எங்கள் முகத்தைப் பார்த்து இரங்கி, ஓர் உபகாரம் செய்தார். ஆட்டக்காரர்கள் ஒற்றைப் படையில் இருந்தார்களாம். ஜோடி இல்லாமல் ஒருவர் சும்மா உட்கார வேண்டியிருக்கிறது. அவருக்கு எதிரில் உட்கார்ந்து ஆடலாம், ஆனால் கணக்கில் சேராது என்றார்.

அண்ணன் உட்கார்ந்தான். இரண்டு ஆட்டம் ஆடினான், இரண்டிலும் ஜெயித்தான். மூன்றாவது சுற்றுக்கு, நேரம் தப்பி வந்த யாரோ ஒருவர் சேர்ந்துகொண்டதால் எண்ணிக்கை சரியாகிவிட்டது. "போதும் தம்பி, ரொம்ப தாங்க்ஸ்" என்றார்கள் அவனிடம்.

திரும்பி வருகிற வண்டியில் நான் பலகையை எடுத்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் அதை வாங்கிப் பரண்மேல் வைத்தவன்தான். 2000-இல் ஆனந்த் உலக சாம்பியன் ஆன அன்றும் எடுக்கவில்லை. 2013-இல் அதே ஆனந்த் சென்னையிலேயே கார்ல்ஸனிடம் பட்டத்தை இழந்த அன்றும் எடுக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான் என்று மட்டும் அண்ணி சொன்னாள்.

அவனுடைய பெண்ணுக்கு ஒலிம்பியாட் வருஷத்தில் பதினான்கு வயசு. பள்ளிக்கூடத்தில் ஆட்டம் கற்றுக்கொண்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். குடும்பத்தில் கதை எழுதுகிறவன் ஒருவன் இருந்தால், ரகசியங்கள் எல்லாம் அவனிடம்தான் வரும். அவன் அச்சில் போடுவான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதேயில்லை.

இந்த இடத்தில்தான் சர்க்காரின் ஒரு தேவை குறுக்கிட்டது. ஏறக்குறைய எழுநூறு பலகைகள், ஒவ்வொன்றிலும் காய் நகர்ந்தால் அந்த நகர்வு மின்சாரக் கம்பி வழியாக ஓடி உலகமெங்கும் தெரிய வேண்டும். மகாராஜாக்கள் வந்து உட்கார்ந்த பிறகு ஏதாவது ஒன்று வேலை செய்யாமல் போனால் மானம் போய்விடும். ஆகவே நான்கு நாள் முன்னதாக, ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை, சாதாரண ஆட்டக்காரர்களைக் கூட்டி வைத்து ஒரு துரிதப் போட்டி நடத்திப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். 707 பலகை, 1,414 பேர். கல்யாணத்துக்கு முதல் நாள் சமையற்காரர் சாம்பாரைச் சொட்டு விட்டு உள்ளங்கையில் பார்ப்பாரே, அந்த மாதிரி. சாம்பாரின் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை.

பெண் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். விஷயம் அண்ணனுக்குத் தெரிந்த ராத்திரி நானும் அங்கே இருந்தேன்.

"ஒத்திகைக்கா? இடம் நிரப்பவா கூப்பிடுகிறார்கள்?" என்றான். கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "வேண்டாம்மா. நாற்காலி காலியாக இருக்கக் கூடாதென்று உட்கார வைப்பார்கள். அப்புறம் எழுந்திருக்கச் சொல்வார்கள்."

"அப்பா, இது ரேட்டிங் போட்டி. கணக்கில் சேரும்" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். 1998-ஐப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கிறேனா என்று தெரிந்துகொள்வதற்காகப் பார்த்தான். சொல்லியிருந்தேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கணக்கில் சேருமா?" என்று மறுபடியும் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் வாடகைக் காரில் புறப்பட்டோம். கடையைப் பூட்டிவிட்டு வர முடியாது என்று சொல்லியிருந்தவன், கார் கிளம்பும்போது முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தான். மரக்காணத்தில் உப்பளங்களின்மேல் வெளுத்துக்கொண்டிருந்தது. குவித்து வைத்திருந்த உப்பைப் பார்த்து, "இதுதான் சித்தப்பா நம்ம ஊர்ப் பனி" என்றாள் பெண். நான் அதை என்னுடையதாக எங்காவது எழுதிவிடலாம் என்று அப்போதே குறித்துக்கொண்டேன். ஆடி மாதத்துக் காற்று காரை ஓரமாகத் தள்ளிற்று.

துணைக்குப் போன எங்களைப் போன்றவர்கள் வெளியே நின்றோம். உள்ளே குளிர்சாதனத்தில் பிள்ளைகள், வெளியே புழுக்கத்தில் பெற்றோர்கள். புளியோதரைப் பொட்டலங்கள், தண்ணீர்ப் பாட்டில்கள், ஒரு பாட்டியின் ஜபமாலை. அண்ணன் யாருடனும் பேசவில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கதவைப் பார்ப்பான். நடுவில் அவள் வெளியே வந்துவிடுவாளோ என்றுதான் பயந்தான் என்பது எனக்குத் தெரியும். "போதும், ரொம்ப தாங்க்ஸ்" என்று யாராவது அவளிடம் சொல்லிவிடுவார்களோ என்று.

அவள் சாயந்திரம்தான் வந்தாள். ஜெயித்தது கொஞ்சம், தோற்றது அதிகம். அண்ணன் அதைக் கேட்கவில்லை.

"கடைசியாக எந்தப் பலகை?" என்றான்.

சொன்னாள். பெண்கள் பக்கமோ ஆண்கள் பக்கமோ, அவளுக்கே தெரியாது. வரிசையையும் எண்ணையும் மட்டும் விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினாள்.

அடுத்த வியாழக்கிழமை நேரு உள்விளையாட்டரங்கில் பிரதம மந்திரி வந்து துவக்கி வைத்தார். ஆகஸ்ட் 10 வரை நடந்த கதை வாசகர்கள் அறிந்ததே. கார்ல்ஸன் இருந்த நார்வே கீழே போயிற்று. பதினாறு வயசுக் குகேஷ் வரிசையாக எட்டு ஆட்டங்களை ஜெயித்துவிட்டு, முக்கியமான ஓர் ஆட்டத்தில் உஸ்பெக் பையனிடம் சறுக்கினான். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. நம் இளைஞர் அணிக்கு வெண்கலம், பெண்கள் அணிக்கும் வெண்கலம். நிறைமாதமாக இருந்த ஹரிகா அந்தப் பெண்கள் அணியில் ஆடினார். யாருடைய மண்ணில் குண்டு விழுந்ததால் போட்டி மாமல்லபுரத்துக்கு வந்ததோ, அந்த உக்ரேனின் பெண்கள் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

அண்ணன் இவற்றையெல்லாம் பார்த்தான் என்று சொல்ல முடியாது. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் அவன் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. பலகைகளின் எண்களைத் தேடித் தேடி, அவளுடைய பலகை என்று அவனாக ஒன்றைத் தீர்மானித்திருந்தான். உண்மையில் அதே மேஜைதானா என்பது யாருக்குத் தெரியும்? அவன் சந்தேகப்படவில்லை. ஏதோ இரண்டு சின்ன தேசத்து ஆட்டக்காரர்கள் அதில் ஆடிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பத்திரிகையும் அவர்கள் பெயரைப் போடப் போவதில்லை. பிரதி எடுக்க வந்தவர்கள் ஆதார் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அண்ணே, ஆள் நிற்கிறார்கள்" என்றேன்.

"இரு. இவள் அந்தச் சிப்பாயைத் தள்ளப் போகிறாள். தள்ளக் கூடாது."

கவுண்டரில், ஜெராக்ஸ் தாள் கட்டுக்கும் பசை டப்பாவுக்கும் நடுவே, அந்தக் காந்தப் பலகை திறந்திருந்தது. பரணிலிருந்து எப்போது இறங்கியது என்று நான் கேட்கவில்லை. கறுப்பில் ஒரு குதிரை தொலைந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு பேனா மூடியை நிறுத்தி வைத்திருந்தான்.