தலைமதகுக்கு மேலே ஒரு ராத்திரி

தேனி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் நெல்லும் தென்னையும் பன்னீர் திராட்சையும். அலையைப் பார்த்தபடி விடுதியில் தங்குவதெல்லாம் ராமேஸ்வரத்துக்கோ கன்னியாகுமரிக்கோ போகிறவர்கள் சமாச்சாரம். தண்ணீர்க்கரையில் ஒரு ராத்திரி படுத்தெழ ஆசைப்பட்டால் நாங்கள் குமுளி மலை ஏறுவோம். பெரியாறு ஏரிதான் எங்களுக்குக் கடல்.

அந்த ஏரிக்கரையின் பழைய விடுதிகளில் இரண்டின் பெயரை எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஒன்று தேக்கடிப் படகுத்துறைக்கு அருகே மரங்களுக்குள் இருக்கும் ஆரண்ய நிவாஸ். மற்றொன்று எடப்பாளையத்தில் இருக்கும் லேக் பேலஸ். திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாளின் கோடை மாளிகையாக இருந்தது அது, படகில்தான் போகமுடியும். இரண்டும் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கைக்கு வந்தவை. நாங்கள் தங்கியது முதலாவதில், எண்பதுகளின் கடைசியில்.

எங்களைப் போன்ற சம்சாரிக் குடும்பத்துக்கு அது பழக்கமில்லாத செலவு. வண்டன்மேட்டு ஏலக்காய் ஏலத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த மாமாதான் ஏற்பாடு செய்தார். அப்பாவுக்கு மனசே ஒப்பவில்லை. "காலைல போயி போட்டுல சுத்திட்டு சாயங்காலம் பஸ் ஏறுனா வீடு வந்துரும். இதுக்குப் போயி ராத்தங்கணுமா மாப்ள?" என்று கேட்டார். "ராத்தங்கிப் பாருங்க மச்சான், பெறகு பேசுங்க" என்றார் மாமா. அறுப்பு முடிந்து கை கொஞ்சம் தாராளமாக இருந்த நேரம். கிளம்பிவிட்டோம்.

லோயர்கேம்ப் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் மின்நிலையத்துக்கு இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்கள் தெரியும். அப்பா பேருந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அந்தா போகுதுல்ல, அதான் நம்ம தண்ணி" என்றார். முன்சீட்டில் இருந்தவரும் திரும்பி அதையே பார்த்தார். பெரியாறு தண்ணீரைப் பார்க்கும்போது எங்கள் ஊர்க்காரர்கள் முகத்தில் ஒரு பாந்தம் வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

விடுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீளமான வராந்தா, கனத்த மரக்கதவுகள், வாசலிலேயே கருமந்திகள். அம்மா கட்டிவந்த புளிச்சோற்றை ஜன்னல் பக்கம் வைக்கக்கூடாது என்பதை அவை முதல் மணி நேரத்திலேயே சொல்லிக்கொடுத்தன. சொல்லவேண்டியது சாயங்காலத்தைப் பற்றி. கடைசிப் படகு கரை சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுற்றுலாப் பேருந்துக் கூட்டமும் குமுளிக்குத் திரும்பிய பிறகு, அந்தக் காட்டுக்குள் இருப்பவர்கள் வனத்துறை ஆட்களும் விடுதியில் தங்கியிருப்பவர்களும்தான். பகல் முழுக்க இரைச்சலில் காணாமல் போயிருந்த ஏரி அப்போதுதான் திரும்பி வந்தது. எங்கிருந்தோ ஒரு மிளா கத்தியது. இருட்டத் தொடங்கியதும், "வெளிய எறங்காதீங்க சார், ஆன வரும்" என்று எச்சரித்துவிட்டுப் போனார் விடுதி ஊழியர். அவரை நிறுத்தி அப்பா கேட்ட ஒரே கேள்வி: "அணையில இப்ப எத்தன அடிண்ணே?"

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. டீக்கடையில், சாவு வீட்டில், கல்யாணப் பந்தியில் அதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தோம். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தப் பதிலை நம்பித்தான் இருக்கிறது. ஊழியர் குமுளிக்காரர், நல்ல தமிழ் பேசினார். அவருக்கும் பதில் தெரிந்திருந்தது. அப்புறம் இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்; மழை, மிளகு, பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊர் என்று. நான் அப்படியே தூங்கிப்போனேன்.

காலைப் பனியில் முதலில் தெரிந்தவை ஏரிக்குள் நின்ற பட்ட மரங்கள். பொறியாளர் பென்னி குயிக் அணை கட்டி, 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் அதைத் திறந்துவைத்தபோது பள்ளத்தில் இருந்த காடு தண்ணீருக்குள் போனது. அந்தக் காட்டின் அடிமரங்கள் நூறாண்டுக்குப் பிறகும் மக்காமல் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் யானைக் குடும்பம் ஒன்று தண்ணீருக்கு இறங்கியது. நாங்கள் எல்லோரும் யானையைப் பார்த்தோம். அப்பா தண்ணீருக்கும் புல்லுக்கும் நடுவே தெரிந்த வெறும் செம்மண் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் புல்லு வரைக்கும் நிக்கவேண்டிய தண்ணி" என்றார். 152 அடி வரை தேக்கிய அணையை 1979இல் 136 அடிக்குக் குறைத்தார்கள். அந்தக் குறைப்பு எவ்வளவு என்பதைச் செய்தித்தாளில் எண்ணாகப் படித்திருந்தேன். கண்ணால் அளந்தது அன்றைக்குத்தான். பகல் படகில் வந்து போகிறவர்களுக்கு அது கரை, அவ்வளவுதான்.

படகு எடப்பாளையம் பக்கம் போனபோது மாளிகை தெரிந்தது. மூன்று பக்கம் தண்ணீர், பின்னால் காடு. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ராஜாவும் நம்ம தண்ணியத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்திருக்காரு" என்றார். 1886இல் திருவிதாங்கூர் 8,000 ஏக்கரை 999 ஆண்டுக் குத்தகைக்குச் சென்னை மாகாணத்துக்குக் கொடுத்தது அவருக்கு நன்றாகவே தெரியும். காடு அவர்களுடையது, வயல் நம்முடையது, ஏரி இரண்டையும் சேர்ந்தது என்பதுதான் அவர் கணக்கு. எனக்கும் அதுதான் இன்றுவரை சரியாகப்படுகிறது.

திரும்பும்போது தேக்கடித் தலைமதகைப் பார்க்கப் பிடிவாதம் பிடித்தார். ஏரியிலிருந்து வாய்க்காலாக வரும் தண்ணீர் அங்கேதான் மலைக்குள் புகுகிறது. ஒரு மைலுக்கு மேல் சுரங்கத்தில் ஓடிக் கிழக்கே நம் பக்கம் வந்து விழுகிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய ஆற்றை இப்படித் திருப்பியதால்தான் எங்கள் ஊர்களில் பொங்கலன்று பென்னி குயிக் படத்துக்கும் மாலை விழுகிறது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார். கோயிலில்கூட அவர் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. 2009 செப்டம்பர் 30 அன்று அதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான அணைப் பிரச்சினை முற்றி, கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். எல்லை தாண்டி ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையில் ஜீப்பில் போகும் எங்கள் பெண்கள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். வராந்தாவில் அப்பாவோடு பேசிய அந்தக் குமுளிக்காரரை நான் அப்போது நினைத்துக்கொண்டேன். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொல்ல, ஊரே பட்டாசு வெடித்தது.

குமுளியில் இன்று ரிசார்ட்டுகள் நிறைய. நீச்சல் குளமும் மூலிகை மசாஜும் கிடைக்கும். ஏரியைப் பார்க்கவேண்டுமானால் வண்டி ஏறிப் போய் வரிசையில் நிற்கவேண்டும். பழைய விடுதிகளில் வசதி குறைவு என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் கடைசிப் படகு போன பிறகும் ஏரிப் பக்கத்திலேயே இருக்க முடிவது அங்கேதான். அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கலாம்.

நம் பள்ளத்தாக்கு மக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பாதீர்கள்; ஒரு ராத்திரி தங்குங்கள். மழை பிடித்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்த பிறகு போனால் ஏரி பார்க்க நன்றாக இருக்கும். வீட்டில் வயலில் உழைத்த பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். தலைமதகையும் காட்டிவிட்டு வாருங்கள்.